மாதிரிப் படகில் மோட்டாரும் தண்டும்: எந்தக் கப்ளிங் எதற்கு?

80 செ.மீ. நீளத்தில் ஒரு துறைமுக இழுவைப் படகின் மாதிரி. உள்ளே ‘540’ என்ற அளவு மோட்டார், 7.2 வோல்ட் பேட்டரி, 4 மி.மீ. எஃகுத் தண்டு, 45 மி.மீ. புரொப்பல்லர். மோட்டாரைத் தனியாக ஓட்டினால் சீரான இரைச்சல்தான். தண்டோடு கோத்ததும் படகே தவில் போல அதிர்கிறது, மேல்தட்டின் கம்பி வேலிகள் கிலுகிலுக்கின்றன, பத்து நிமிடத்தில் மோட்டார் தொட முடியாத சூடு. இந்த இடத்தில் பலர் கடைக்குப் போய் வேறொரு கப்ளிங் (மோட்டார் அச்சையும் தண்டையும் கோக்கும் இணைப்பு) வாங்கி வருகிறார்கள். ஒற்றை யுனிவர்சல் ஜாயிண்ட் போய் இரட்டை வருகிறது, அதுவும் போய் அலுமினிய ஸ்பிரிங் வகை வருகிறது. பணம் கரைகிறது, சத்தம் அப்படியே இருக்கிறது.

ஒவ்வொரு கப்ளிங்கும் சில வகைப் பிசகை மட்டும் பொறுத்துக்கொள்ளும், அதுவும் ஓர் அளவுக்குத்தான். எந்தப் பிசகு, எத்தனை மி.மீ. என்று தெரியாமல் கப்ளிங் வாங்குவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது போல. அதனால் இந்த ஒப்பீட்டில் பிசகை அளக்கும் முறைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறது.

பிசகு இரண்டு வகை. ஒன்று கோணப் பிசகு: மோட்டார் அச்சின் கோடும் தண்டின் கோடும் ஓரிடத்தில் சந்திக்கும், ஆனால் முழங்கை போல மடங்கி நிற்கும். மற்றது பக்கப் பிசகு: இரண்டு கோடுகளும் தண்டவாளம் போல இணையாகப் போகும், ஒன்று மேலே, ஒன்று கீழே, அல்லது இடவலமாக விலகி. நடைமுறையில் இரண்டும் கலந்தே இருக்கும். கோணம் கண்ணுக்குத் தெரியும். பக்கப் பிசகு அரை மி.மீ. என்றால் தெரியாது, கெடுதல் செய்வது பெரும்பாலும் அதுதான்.

பிசகோடு ஓடும் படகில் முதலில் சாவது தண்டு ஓடும் குழாயின் உள்முனைப் புஷ் (தண்டைத் தாங்கும் பித்தளை வளையம்). தண்டு ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டு சுற்றுவதால் வட்டத் துளை முட்டை வடிவமாகிறது. தண்டை உருவிப் பார்த்தால் கிரீஸ் கறுத்து, பித்தளைத் தூள் கலந்து மினுமினுக்கும். புஷ் தேய்ந்ததும் கிரீஸ் வெளியேறும், அந்த வழியில் தண்ணீர் உள்ளே வரும். “படகு ஓட்டை, எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை” என்கிற புகார்களில் கணிசமானவை இங்கேதான் தொடங்குகின்றன.

கெட்டிக் கப்ளிங்

பித்தளை உருளை ஒன்று, ஒரு பக்கம் மோட்டார் அச்சுக்குத் துளை, மறுபக்கம் தண்டுக்குத் துளை, இரண்டு பக்கமும் க்ரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு ஸ்க்ரூ). எந்தப் பிசகையும் மன்னிக்காது. இதை வைத்தே படகை ஓட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் எந்தக் கப்ளிங்கோடு ஓட்டப் போகிறீர்களோ, அதற்கு முன் சென்டர் பார்க்க, அதாவது அச்சும் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க, இது ஒரு கருவியாகக் கையில் இருந்தே ஆக வேண்டும்.

லேத் பட்டறையில் 10 மி.மீ. பித்தளைக் கம்பியில் செய்யச் சொல்லுங்கள். நீளம், நீங்கள் கடைசியில் போடப்போகும் கப்ளிங்கின் நீளமே இருக்கட்டும். அப்போதுதான் சென்டர் பார்த்த பிறகு மோட்டாரை முன்பின் நகர்த்த வேண்டி வராது. 540 மோட்டாரின் அச்சு 3.17 மி.மீ., தண்டு 4 மி.மீ. என்றால் முதலில் 3.2 மி.மீ. துளையை முழு நீளத்துக்கும் போட்டு, லேத்தின் பிடியான சக்கிலிருந்து கழற்றாமலே பாதி ஆழத்துக்கு 4 மி.மீ. ஆக்க வேண்டும். திருப்பிப் பிடித்து இரண்டாம் துளை போட்டால் இரண்டும் ஒரே மையத்தில் விழாது. சென்டர் அவுட்டான கருவியை வைத்துச் சென்டர் பார்ப்பதில் பயனில்லை.

வேலையைத் தண்டிலிருந்து தொடங்குங்கள். தண்டை உருவி எடுத்து, கண்ணாடித் துண்டின் மேல் உருட்டி, கீழே வெளிச்சம் எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். வெளிச்சம் துடித்தால் தண்டில் பெண்டு இருக்கிறது. 4 மி.மீ. தண்டில் பெண்டு எடுப்பதைவிட புதுத் தண்டு போடுவது மேல். நேரான தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குழாயைச் செங்குத்தாகப் பிடித்தால் அது தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் குழாய் வளைந்திருக்கிறது. ஒட்டும்போது அரால்டைட் காய்வதற்குள் நடுவில் தொய்ந்த நீளமான குழாய்களில் இது சகஜம். இந்தக் கோளாறு இருக்கும்வரை மோட்டார் பக்கம் போகாதீர்கள்.

அடுத்து மோட்டார் ஸ்டாண்டை அதன் இடத்தில் வைத்து, ஸ்க்ரூக்களைத் தளர்வாக விடுங்கள். கருவியை மோட்டார் அச்சில் ஏற்றி, தண்டின் முனைக்கு நேராகக் கொண்டுவாருங்கள். க்ரப் ஸ்க்ரூ எதையும் இறுக்க வேண்டாம், இறுக்கினால் அச்சை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். கருவியை விரல் நுனியால் தண்டின்மேல் தள்ளிப் பாருங்கள். போய்வரும் அசைவு மோர்க் குழம்பில் கரண்டி போவது மாதிரி இருக்க வேண்டும். முனையிலேயே இடித்தால் பக்கப் பிசகு. பாதி போய்ச் சிக்கினால் கோணப் பிசகு.

உயரத்தைச் சரிசெய்ய ஸ்டாண்டின் அடியில் தாள் வையுங்கள். சாதாரண 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. கனம். நாலு தாளில் கருவி வழுக்கினால் நிரந்தரமாக வைக்க வேண்டியது 0.4 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட். தாளையே விட்டுவைக்காதீர்கள், ஈரம் பட்டு ஊறும். ஸ்டாண்டின் முன் விளிம்பில் மட்டும் தாள் வைத்தால் கோணம் மாறும், முழு அடியிலும் வைத்தால் உயரம் மாறும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும். கோணத்தை முதலில் முடியுங்கள்.

பிறகு ஸ்க்ரூக்களை ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரெதிர் மூலையில் இறுக்குங்கள். ஒவ்வொன்றை இறுக்கிய பிறகும் கருவியைத் தள்ளிப் பாருங்கள், ஏனென்றால் ஸ்க்ரூ இறுகும்போது ஸ்டாண்டை இழுக்கும். எல்லாம் இறுகிய பின் க்ரப் ஸ்க்ரூக்களையும் இறுக்கி, புரொப்பல்லர் பக்கமிருந்து விரலால் தண்டைச் சுழற்றுங்கள். சாதாரண 540 கார்பன் பிரஷ் மோட்டாரில் ஒரு சுற்றுக்கு ஆறு மெல்லிய காந்தப் பிடிப்புகள் கையில் தெரியும். ஆறும் ஒரே அளவாக இருந்து, வேறு எந்தப் பிடிப்பும் இல்லையென்றால் சென்டர் வந்துவிட்டது.

ஒரு சந்தேகம் அடிக்கடி வரும்: பிடிப்பு இருக்கிறது, குற்றம் மோட்டார் நிற்கும் இடத்திலா, அல்லது கப்ளிங்கிலா, தண்டிலா? ஸ்டாண்ட் ஸ்க்ரூக்களை மறுபடி தளர்த்திவிட்டுத் தண்டைக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். மோட்டார் ஒரு பக்கமாக நகர்ந்து அங்கேயே அமைதியாக நின்றுவிட்டால், அந்தப் புது இடம்தான் அதன் சரியான இடம். அப்படி நிற்காமல் மோட்டாரின் வால் சுற்றுக்கு ஒருமுறை வட்டம் போட்டால் மோட்டாரை எங்கே வைத்தாலும் பயனில்லை. தண்டில் பெண்டு, அல்லது கப்ளிங் துளை சென்டர் அவுட். கையில் ஒரு கருவியும் இல்லாமல் இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனை இது.

கெட்டிக் கப்ளிங்கோடே ஓட்டலாமா? சென்டர் உண்மையிலேயே வந்திருந்தால் ஓட்டலாம், மற்ற எந்த வகையையும்விட சத்தமில்லாமல் ஓடும். ஆனால் படகின் உடல் நிலையாக இருப்பதில்லை. கனமான ஈய பேட்டரியை இறக்கினால் பைபர் உடல் லேசாகத் தொய்கிறது, மேசைமேல் பார்த்த சென்டர் தண்ணீரில் மாறிவிடுகிறது. பெரிய கப்பல்களிலும் இதே காரணத்துக்காகக் கப்பல் மிதக்கும் நிலையில் தண்டின் நேரை மறுபடி பார்க்கிறார்கள். புஷ்ஷுக்கு வெளியே நீட்டிய தண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு விறைப்பு: அந்த நீளம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்கு. 20 மி.மீ. மட்டும் நீட்டியிருக்கும் 4 மி.மீ. தண்டு கால் மி.மீ. பிசகைக்கூட வளைந்து வாங்கிக்கொள்ளாது, அதன் பாரம் முழுவதையும் புஷ் தாங்கும். கெட்டிக் கப்ளிங்தான் வேண்டும் என்பவர்கள் மோட்டாரை ரப்பர் புஷ்களின்மேல் உட்காரவைத்து, தானே தன் இடத்தைத் தேடிக்கொள்ள விடுகிறார்கள். அது நன்றாகவே வேலை செய்யும், மோட்டார் உடல் சுழலாமல் இருக்க ஒரு தடுப்பு கட்டாயம்.

ஒற்றை யுனிவர்சல் ஜாயிண்ட்

மாதிரிப் படகுக் கப்ளிங்குகளில் அதிகம் விற்பதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். நைலான் உருண்டை ஒன்று கிண்ணத்துக்குள் இரண்டு முள்ளோடு உட்கார்ந்திருக்கும். இரு முனைகளிலும் பித்தளைச் செருகிகள்: ஒன்று 3.17 மி.மீ., மற்றது 4 மி.மீ. துளை அல்லது எம்4 (4 மி.மீ.) மரை.

இது கோணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். பக்கப் பிசகுக்கு இதனிடம் எந்த விடையும் இல்லை. மோட்டார் அச்சை மோட்டாரின் பேரிங் பிடித்திருக்கிறது, தண்டைக் குழாயின் புஷ் பிடித்திருக்கிறது. நடுவில் ஒரே ஒரு மடிப்பு. இரு கோடுகளும் அந்த மடிப்பின் மையத்திலேயே சந்தித்தாக வேண்டும். 1 மி.மீ. விலகி நின்றால் ஜாயிண்ட் தன்னால் முடியாததைத் தண்டின் தலையில் சுமத்துகிறது. “யுனிவர்சல்தான் போட்டிருக்கிறதே, எப்படி வைத்தால் என்ன” என்று மோட்டாரைத் தரையோடு சமமாக ஒட்டிவிடும் படகுகளில் கோணமும் பக்கமும் சேர்ந்தே பிசகும்.

கோணத்தையும் இலவசமாக வாங்கிக்கொள்வதில்லை. மோட்டார் ஒரே வேகத்தில் சுழன்றாலும், மடிப்புக்கு அப்பால் தண்டு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 5 டிகிரியில் அந்த ஏற்ற இறக்கம் அரை சதவீதத்துக்கும் கீழ். 10 டிகிரியில் இருபக்கமும் ஒன்றரை சதவீதம், 15 டிகிரியில் மூன்றரை, 20 டிகிரியில் ஆறு. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் நொடிக்கு 333 உதறல்கள். உள்ளே காலியான மெல்லிய உடல் அதை அப்படியே பெருக்கி இரைச்சலாக்கும். 5 டிகிரிக்குள் வைத்தால் காது கவனிக்காது. 10ஐத் தாண்டாதீர்கள்.

ஆகவே மோட்டாரைத் தண்டின் சாய்விலேயே சாய்த்து வையுங்கள். தண்டு 8 டிகிரி சாய்ந்திருந்தால், 50 மி.மீ. நீளமுள்ள ஸ்டாண்டில் படகின் முன்பக்கம் பார்த்த முனை 7 மி.மீ. உயர வேண்டும். 50க்கு 7 என்ற ஆப்பு ஒன்றை மரத்தில் இழைத்து அடியில் வைத்தால் முடிந்தது. குழாயைப் பொருத்தும்போதே சாய்வைக் குறைக்கப் பாருங்கள். 15 டிகிரி சாய்ந்த தண்டின் தள்ளுவிசையில் கால் பங்கு பின்பக்கத்தைத் தூக்கி மூக்கைத் தண்ணீரில் அழுத்துவதற்கே போகிறது.

எம்4 மரைச் செருகி வாங்கினால் அதற்குப் பின்னால் எதிர் நட் போட்டே ஆக வேண்டும். ஏதாவது ஒரு திசையில் ஓடும்போது மரை கழன்றுகொண்டே வரும். இழுவைப் படகு நிறைய ரிவர்ஸ் போகும், குளத்தின் நடுவில் தண்டு தனியாகக் கழன்றால் படகைக் கரைக்குக் கொண்டுவர வேறு படகு தேட வேண்டும்.

இரட்டை ஜாயிண்ட்

இரண்டு மடிப்பு, நடுவில் ஒரு துண்டு. பக்கப் பிசகையும் ஏற்கும் என்பதற்காகத்தான் இதற்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். எவ்வளவு ஏற்கும் என்பது இரண்டு மடிப்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது. 25 மி.மீ. தூரத்தில் 1 மி.மீ. பிசகு என்றால் ஒவ்வொரு மடிப்பும் 2 டிகிரிக்குச் சற்று மேல் மடங்குகிறது, அது ஒன்றுமே இல்லை. 3 மி.மீ. என்றால் ஏறக்குறைய 7 டிகிரி, இன்னும் தாங்கும். 5 மி.மீ. என்றால் 11ஐத் தாண்டும், அங்கே நின்றுவிடுங்கள்.

முதல் மடிப்பில் வந்த வேக ஏற்ற இறக்கத்தை இரண்டாம் மடிப்பு கழித்துவிடும். ஆனால் இரண்டு நிபந்தனைகள்: இரு மடிப்புகளின் கோணமும் சமமாக இருக்க வேண்டும், நடுத்துண்டின் இரு முனைகளிலும் உள்ள முள்கள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கழற்றி மாட்டும்போது ஒரு முனையை 90 டிகிரி திருப்பி மாட்டிவிட்டால் இரண்டு உதறலும் கழிவதற்குப் பதில் கூடும். “நேற்றுவரை நன்றாக ஓடியது, சர்வீஸ் செய்து மாட்டியதும் உறுமுகிறது” என்றால் முதலில் இதைப் பாருங்கள். மோட்டார் தண்டுக்கு இணையாக, சற்று உயரத்தில் நிற்பது நல்ல நிலை. ஒரு மடிப்பில் எல்லாக் கோணமும், மற்றதில் ஒன்றுமில்லை என்று வைத்தால் ஒற்றை ஜாயிண்டுக்கு இரட்டை விலை கொடுத்ததாகும்.

குறை, நீளம். 540 அளவுக்கு மோட்டார் முகத்திலிருந்து குழாய் முனைவரை 60 மி.மீ. அளவு இடம் கேட்கும். நடுத்துண்டை யாரும் பிடித்திருக்கவில்லை என்பதால் வேகம் ஏறினால் அது விசிறும். நிதானமாகப் போகும் படகுகளுக்கு மட்டும் வையுங்கள். ஏற்கெனவே ஒட்டி முடித்த, மோட்டாரை எடுத்து மாற்றிப் பொருத்த வழியில்லாத பழைய படகுக்கு இதைவிடச் சரியான தீர்வு இல்லை.

சிலிக்கான் குழாய்

‘385’ அளவு மோட்டாருக்கும் அதற்குக் கீழுள்ள சிறு மோட்டார்களுக்கும் இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். 385இன் அச்சு 2.3 மி.மீ., தண்டு 2 அல்லது 3 மி.மீ. துளை அச்சைவிடச் சற்றுச் சிறிதாக, சுவர் கனமாக உள்ள குழாயை 20 மி.மீ. வெட்டி இருபக்கமும் செருகுங்கள். உள்ளே அச்சின் முனைக்கும் தண்டின் முனைக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். அதற்கு மேல் விட்டால் பளு ஏறும்போது குழாய் கயிறு போல முறுக்கிக்கொள்ளும், இடைவெளியே விடாவிட்டால் இரும்பும் இரும்பும் இடித்துக் கடகடக்கும். இரு முனைகளிலும் மெல்லிய செப்புக் கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்குங்கள்.

கோணம், பக்கம், அதிர்வு மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் விழுங்கும், சத்தமே வராது. எதிரி, கிரீஸ். தண்டுக் குழாயிலிருந்து கசியும் கிரீஸ் பட்டால் பிடி வழுக்கும், நாளடைவில் சிலிக்கான் ஊதித் தளரும். தண்டின் உள்முனையில் ஒரு வாஷர் போட்டுக் கசிவைத் தடுத்து, குழாயை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். 540க்கு இது வேண்டாம், முழு வேகம் கொடுத்ததும் அச்சு உள்ளேயே சுற்றும்.

3டி பிரிண்டர் கப்ளிங்குகள்

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ சுலபமாகக் கிடைப்பவை இவைதான், மாதிரிப் படகுக்கென்று விற்கும் கப்ளிங்குகள் நம் ஊரில் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. எனவே இவற்றைப் பற்றித் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இரண்டு வகை உண்டு. திருகு வெட்டு விழுந்த ஒரே அலுமினியத் துண்டு ஒன்று. இரண்டு பல் துண்டுகளுக்கு நடுவே நட்சத்திர வடிவப் பிளாஸ்டிக் உட்காரும் ஜா கப்ளிங் மற்றொன்று.

திருகு வெட்டு வகையைப் படகில் போடாதீர்கள். அது நிமிடத்துக்குச் சில நூறு சுற்று சுற்றும் ஸ்டெப்பர் மோட்டாருக்காக (3டி பிரிண்டரில் படிப்படியாகச் சுழலும் மோட்டார்) செய்தது. பிசகோடு ஓடினால் ஒவ்வொரு சுற்றிலும் அலுமினியம் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. 10,000 சுற்று வேகத்தில் 20 நிமிடம் ஓடினால் இரண்டு லட்சம் வளைவு. மீண்டும் மீண்டும் வளைத்தால் அலுமினியம் எத்தனை சிறிய வளைவிலும் ஒருநாள் வெட்டின் முனையில் விரிசல் விடும். தவிர, நீளவாக்கில் அது ஸ்பிரிங் மாதிரி அமுங்கும்.

ஜா கப்ளிங் நல்ல பொருள். 540க்கு 20 மி.மீ. விட்டம், 25 அல்லது 30 மி.மீ. நீளம் போதும். பக்கத்தில் 0.1 முதல் 0.2 மி.மீ., கோணத்தில் 1 டிகிரி, இவ்வளவுதான் அது தாங்கும். அதாவது பித்தளைக் கருவியால் சென்டர் பார்த்து முடித்தவர்களுக்கு மட்டும். அவர்களுக்கு இது ஒற்றை யுனிவர்சலைவிட அமைதியாக ஓடும், நட்சத்திரம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். சிக்கல், துளை. அந்தப் பிரிண்டர்களில் வரும் ‘நெமா 17’ அளவு ஸ்டெப்பரின் அச்சு 5 மி.மீ. என்பதால் 5, 6.35, 8 மி.மீ. துளைகளே அதிகம் வருகின்றன. 3.17க்கும் 4க்கும் பித்தளைச் சிலீவ் (துளையைச் சிறிதாக்கும் உள்குழல்) கடைந்து போட நேரும். சிலீவ் தளர்வாக இருந்தால் க்ரப் ஸ்க்ரூ இறுகும்போது முழுக் கப்ளிங்கும் ஒருபக்கம் சாயும். விரல் அழுத்தத்தில் நுழைகிற அளவுக்கு இறுக்கமாகக் கடையச் சொல்லுங்கள்.

கேபிள் தண்டும் பெல்ட்டும்

வேகப் படகுகள் வேறு உலகம். அங்கே தண்டே முறுக்கிய எஃகுக் கேபிள், டெஃப்லான் உறை போட்ட பித்தளைக் குழாய்க்குள் வளைந்து ஓடும். கோணக் கவலையைக் குழாயின் வளைவு தீர்த்துவிடுகிறது. ஆனால் மோட்டாரும் குழாயின் வாயும் நேர்க்கோட்டில் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கேபிள் வாயில் உரசி அறுபடும். பளுவில் கேபிள் முறுக்கேறிக் குட்டையாகும் என்பதால் பின்னால் புரொப்பல்லரின் டாக்குக்கும் (புரொப்பல்லரைப் பிடித்துச் சுழற்றும் துண்டு) ஸ்ட்ரட்டுக்கும் (தண்டைத் தாங்கும் கால்) நடுவே சிறு படகில் 2 முதல் 3 மி.மீ., பெரிய படகில் 6 மி.மீ. வரை இடைவெளி விட வேண்டும். கேபிள் ஒரு திசையில்தான் இறுகும், எதிர்த்திசையில் பிரிந்து புடைக்கும். ரிவர்ஸ் இல்லாமல் துறைமுக வேலை செய்ய முடியாத இழுவைப் படகுக்கு இதைப் போடுவது சரியல்ல.

பல் பெல்ட் என்பது மோட்டார் தண்டுக்கு நேராக உட்காரவே முடியாத குறுகிய உடல்களுக்கு. மோட்டாரைத் தண்டுக்கு மேலே திருப்பி வைத்து, 2க்கு 1 என்று வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம். பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுழற்ற வேண்டிய படகுக்கு அந்த ஒரு நன்மைக்காகவே போடலாம். இங்கே பார்க்க வேண்டியது இரண்டு புல்லிகளும் ஒரே தளத்தில் இருப்பது. பெல்ட் தண்டைப் பக்கவாட்டில் இழுப்பதால் உள்முனையில் புஷ்ஷுக்குப் பதில் பால் பேரிங் வையுங்கள்.

எதைப் போட்டாலும் தள்ளுவிசையைக் கவனியுங்கள்

முன்னே போகும்போது புரொப்பல்லர் தண்டை உள்ளே தள்ளுகிறது. அந்த விசையைக் குழாயின் வெளிமுனைப் புஷ் வாங்க வேண்டும். புரொப்பல்லரின் எதிர் நட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஒரு வாஷர், 0.3 மி.மீ. அளவு ஆட்டம். உள்முனையில் ஒரு காலர், அது ரிவர்ஸின்போது தண்டு வெளியே உருவாமல் தடுக்கும். இந்த இரண்டும் இல்லாத படகில் தள்ளுவிசை முழுவதும் கப்ளிங் வழியாக மோட்டாருக்குள் போகும். மேசைமேல் அமைதியாக ஓடியது தண்ணீரில் மட்டும் உறுமுவதற்கு இது ஒரு பெரிய காரணம், சென்டரை எத்தனை முறை பார்த்தாலும் போகாது. இரட்டை ஜாயிண்டில் இன்னும் மோசம், நடுத்துண்டு அமுங்கிப் பக்கத்தில் பிதுங்கும்.

எந்தப் படகுக்கு எது

உடல் இன்னும் திறந்திருக்கிறது, மோட்டாரை எங்கும் வைக்கலாம் என்ற நிலையில் உள்ள 540 இழுவைப் படகுக்கு நம் தேர்வு: பித்தளைக் கருவியால் சென்டர், ஓட்டத்துக்கு ஜா கப்ளிங். பட்டறையில் நல்ல சிலீவ் கிடைக்காதவர்கள் ஒற்றை யுனிவர்சல் போடலாம், அதே சென்டரோடு. 36 மி.மீ. உடலும் 3.17 மி.மீ. அச்சும் கொண்ட 3650 பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாருக்கும் இதுவே பொருந்தும், ஸ்டாண்டின் 25 மி.மீ. இடைவெளி எம்3 துளைகளும் அதேதான். பிரஷ்லெஸ்ஸில் வேகம் அதிகம், ஆகவே சென்டர் இன்னும் கறாராக வேண்டும்.

மேல்தட்டு ஒட்டி மூடிய பழைய படகு, மோட்டார் 2 அல்லது 3 மி.மீ. விலகி நிற்கிறது என்றால் இரட்டை ஜாயிண்ட். அறுத்துத் திறப்பதில் கெடும் அழகை நினைத்தால் அந்தச் சிறு இரைச்சல் பரவாயில்லை. இடம் 60 மி.மீ. இல்லையென்றால் மட்டும் திறக்க யோசியுங்கள். 40 செ.மீ.க்குக் குறைந்த படகு, 385 அல்லது அதைவிடச் சிறிய மோட்டார் என்றால் சிலிக்கான் குழாய், வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் மோட்டார் அச்சில் க்ரப் ஸ்க்ரூ விழும் இடத்தில் அரத்தால் ஒரு தட்டைப் பரப்பு எடுங்கள். மோட்டாரின் காற்றுத் துளைகளை டேப்பால் மூடிவிட்டு அரத்தைக் கையில் எடுங்கள், இரும்புத் தூளைக் காந்தம் உள்ளே இழுத்துவிடும். எம்3 க்ரப்புக்கு 1.5 மி.மீ. ஆலன் கீ, எம்4க்கு 2 மி.மீ. நடுத்தரப் பிடிப்பு லாக்டைட் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. ஸ்டாண்டில் மோட்டாரைப் பிடிக்கும் எம்3 ஸ்க்ரூ மோட்டாருக்குள் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, போனால் சுருளில் உரசும்.

கடைசிச் சோதனை ஆம்பியர் மீட்டரோடு, பேட்டரியும் பளுவும் ஏற்றிய நிலையில், படகு தொட்டித் தண்ணீரில் மிதக்கும்போது. புரொப்பல்லரைக் கழற்றிவிட்டுப் பாதி வேகத்தில் ஓட விடுங்கள், வெளிமுனைப் புஷ் தண்ணீரில் நனைந்தே இருக்கும். மீட்டரில் எண் நிலைத்ததும் மோட்டாரின் வாலை விரலால் மேலே, கீழே, இடம், வலம் என்று லேசாக அழுத்துங்கள். நாலு பக்கமும் எண் ஏறினால் மோட்டார் தன் இடத்தில் இருக்கிறது. ஏதாவது ஒரு பக்கம் அழுத்தும்போது எண் இறங்கி சத்தமும் தணிந்தால், மோட்டார் அந்தப் பக்கம் போக விரும்புகிறது: ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒரு தாள் கனம் நகர்த்தி, மறுபடி பாருங்கள். அரை மணி நேரம் ஓடிய பிறகு க்ரப் ஸ்க்ரூக்களை ஒருமுறை தொட்டுப் பார்த்து, தண்டை உருவிக் கிரீஸின் நிறத்தைப் பாருங்கள்.